தில்லி ஆசனமும் ஊராட்சி நாற்காலியும்

ஒருவரை உயரத்தில் அமர்த்தி அண்ணாந்து பார்ப்பது எளிது. அவர் முன் சென்று நின்று, 'இந்தக் காரியத்தை முடித்துத் தாருங்கள்' என்று கேட்பதுதான் அரிது. சமத்துவத்தின் உரைகல் முன்னதில் இல்லை, பின்னதில் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டதனால்தான், வரலாற்றுச் சிறப்புமிக்க தேர்தல் ஒன்று நடந்து முடியும் ஒவ்வொரு தடவையும், 'சாதி ஒழிந்தது, நீதி வென்றது, இனி என்ன குறை?' என்ற முழக்கம் நம் நாட்டில் எழுகிறது. முழக்கமிடுவோர் எல்லாரும் தீயவர்கள் அல்லர். பலர் நல்லெண்ணம் உடையவர்களே. ஆனால் நல்லெண்ணம் கண்ணை மூடிக்கொண்டால் அநீதிக்கு அதைவிடச் சிறந்த திரை வேறு கிடையாது.

மூன்று ஜூலை 25-களை நினைத்துப் பார்ப்போம். 1997-ஆம் ஆண்டு அந்நாளில் கே.ஆர். நாராயணன் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களிலிருந்து அந்த ஆசனத்தை அடைந்த முதல் மனிதர் அவர். வாக்கு மதிப்பில் சுமார் 95 விழுக்காடு அவருக்கே கிடைத்தது. 2002-இல் அதே நாளில், இராமேசுவரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளையாகிய ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அந்த ஆசனத்தில் அமர்ந்தார். 2022-இல் அதே நாளில், சந்தால் பழங்குடியில் பிறந்த திரௌபதி முர்மு முதல் பழங்குடிக் குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். இம்மூன்று நாட்களிலும் எளிய மக்கள் நெஞ்சு நிமிர்த்தினர், அது முறையானதே. நம்மைப் போன்ற ஒருவர் அங்கே இருக்கிறார் என்ற எண்ணம், பள்ளிக்கூடத்தின் கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முதுகெலும்பை நேராக்கும். அந்த மகிழ்ச்சியோடு நமக்கு வழக்கில்லை. அந்த மகிழ்ச்சியையே பற்றுச்சீட்டாகக் காட்டி, பழைய கடன் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று கணக்கை மூடுகிறவர்களோடுதான் நம் வழக்கு.

கணக்கை மூடலாமா என்பதற்கு அந்த 1997-ஆம் ஆண்டே சாட்சி. தில்லியில் அந்த மகத்தான தேர்வு நடந்து கொண்டிருந்த அதே கோடையில், இங்கே தென்பாண்டிச் சீமையில் நடந்தது என்ன?

விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றைத் தொடங்கிய அன்றைய தமிழக அரசு, அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்ட முன்வந்தது. வெள்ளையரை எதிர்த்த கட்டபொம்மனின் படைத்தளபதி அவர். தேவேந்திரகுல மக்கள் போற்றும் மாவீரர். பெயர்ப்பலகையில் அந்தப் பெயரைத் தாங்கிய பேருந்தில் ஏறி அமர்வது தமக்கு இழுக்கு என்று ஒரு சாரார் கிளம்பினர். பேருந்துகள் மீது கல் விழுந்தது, ஊர்கள் எரிந்தன, உயிர்கள் போயின. முடிவில் அரசு கண்ட வழி, போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் நீக்கிவிடுவது. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தபோது காமராசரின் பெயரைத் தாங்கிப் பிறந்த மாவட்டம், அந்தப் பெயரை இழந்து விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. ஒடுக்கப்பட்ட ஒருவரின் பெயரைப் பேருந்தில் படிக்க மனமில்லாத காரணத்தால், காமராசர் தாம் பிறந்த மண்ணின் பெயர்ப்பலகையிலிருந்தே இறங்க நேர்ந்தது! தீண்டாமை யாரைத் தீண்டாமல் விட்டது?

அதே ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த மேலவளவில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரைச் சேர்ந்த ஐவரும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பதவிக்கு அவர் போட்டியிட்டார், வென்றார். அந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டார். அவருடைய இரத்தம் காய்ந்த இருபத்தைந்தாம் நாள், தில்லியில் நாராயணன் பதவியேற்றார். ஒரே நாடு, ஒரே அரசமைப்பு, ஒரே கோடை. அங்கே நாட்டின் தலைமை. இங்கே ஊரின் தலைமை. அங்கே வாழ்த்து; இங்கே அரிவாள்.

மேலவளவு பக்கத்து மாவட்டம்தானே என்று நாம் ஆறுதல் கொள்ள வேண்டாம். நம் விருதுநகர் மாவட்டத்திலேயே கொட்டகச்சியேந்தல் இருக்கிறது. 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசமைப்புத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் சேர்ந்து, 1996 முதல் சில ஊராட்சிகளின் தலைமையைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கின. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களும் அந்த ஒதுக்கீட்டை ஏற்க மறுத்தன. மனுச் செய்ய ஆள் வராத தேர்தல்கள் ஒரு பக்கம். வந்தவர் வென்றவுடன் விலகல் கடிதம் எழுத வைக்கப்பட்ட தேர்தல்கள் மறு பக்கம். இவ்வாறு பத்து ஆண்டுகள் கழிந்தன. 2006-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் அந்த நான்கு ஊர்களிலும் முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் அமர்ந்தனர். அடுத்த மாதமே அரசு சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து அவர்களைப் பாராட்டியது. பாராட்டு தகும். ஆனால், ஓர் ஊராட்சித் தலைவர் தம் நாற்காலியில் அமர்ந்ததற்குத் தலைநகரில் விழா எடுக்க வேண்டியிருந்தது என்பதே அந்தப் பத்தாண்டின் மீது எழுதப்பட்ட தீர்ப்பு அல்லவா?

இப்போது கேள்வியைக் கூர்மையாக்குவோம். நாட்டின் முதல் ஆசனத்தை ஒடுக்கப்பட்ட ஒருவருக்கு ஏறக்குறைய ஒருமனதாகக் கொடுத்த தேசம், நான்கு சிற்றூர்களின் நாற்காலியைக் கொடுக்கப் பத்து ஆண்டுகள் மறுத்தது ஏன்?

விடை எளிது. குடியரசுத் தலைவர் தொலைவில் இருக்கிறார். அவருடைய படத்தை அலுவலகச் சுவரில் மாட்டலாம். அவரிடம் போய் எவரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. ஊராட்சித் தலைவரோ பக்கத்துத் தெருவில் இருக்கிறார். குடிநீர்க் குழாய் பழுதானால் அவரிடம் போக வேண்டும். தெருவிளக்குக்கும் வீட்டு வரி ரசீதுக்கும் அவர் கையொப்பம் வேண்டும். ஊர்க் கண்மாயின் மீன் ஏலத்தில், மரக் குத்தகையில் அவர் சொல்லுக்கு இடம் உண்டு. நேற்று வரை வாசலுக்கு வெளியே நின்று 'ஐயா' என்று அழைத்தவரை, இன்று 'தலைவரே' என்று அழைத்து அவர் எதிரே நிற்க வேண்டும். அதற்குத்தான் நா எழவில்லை. தில்லியில் கொடுத்தது மரியாதை; ஊரில் கேட்கப்பட்டது அதிகாரம். மரியாதையை அள்ளிக் கொடுத்துவிட்டு அதிகாரத்தை இறுகப் பிடித்துக் கொள்வது ஆதிக்கத்தின் பழைய தந்திரம்.

1998-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கே.ஆர். நாராயணன் ஓர் அரிய காரியம் செய்தார். பதவியில் இருந்துகொண்டே, சாதாரணக் குடிமகனைப் போல் வரிசையில் நின்று வாக்களித்தார். அவருக்கு முன் எந்தக் குடியரசுத் தலைவரும் பொதுத்தேர்தலில் அப்படி வாக்களித்ததில்லை. நாட்டின் தலைமகன் வரிசையில் நிற்க முடிந்தது. கொட்டகச்சியேந்தலில் தம் ஊரின் தலைவரைத் தேர்ந்தெடுக்க நிற்பதற்கு அந்த ஆண்டு வரிசையே இல்லை. பெருமிதத்தைப் பேசுவோர் இந்த இரண்டு காட்சிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும்.

'தலைமைப் பதவிகளே வந்துவிட்டன, இனியும் இடஒதுக்கீடும் தனிச் சட்டங்களும் எதற்கு?' என்று கேட்போர் உண்டு. இந்தக் கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2008 நவம்பர் 4-ஆம் நாள் அமெரிக்க நாடு பராக் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்தது. அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்ட இனத்தின் நிறத்தை உடையவர் வெள்ளை மாளிகை புகுந்ததைக் கண்டு உலகமே வியந்தது. ஐந்தாண்டுகள்கூட நிறையவில்லை. 2013 ஜூன் 25-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காத்து வந்த 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடியான பிரிவை, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் செல்லாதென்று தள்ளியது. பாகுபாட்டுக்குப் பேர்போன மாநிலங்கள், தங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற காவல் அதனோடு போயிற்று. பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன காரணத்தின் சாரம், நாடு மாறிவிட்டது என்பதே. ஆக, முன்னேற்றத்தின் பெயராலேயே முன்னேற்றத்தின் காவல் அகற்றப்பட்டது. வானம் பார்த்த பூமியில் வாழும் நமக்கு இது விளங்காததல்ல. நான்கு மழைக்காலம் கண்மாய் உடையவில்லை என்பதற்காகக் கரையை வெட்டி வயலுக்கு மண் அடிப்பவனை நாம் அறிவாளி என்று சொல்வதில்லை.

'ஒதுக்கீட்டில் வருவோர் பிறருடைய பொம்மைகளாக இருக்கிறார்கள்' என்பது மற்றொரு வாதம். சில ஊர்களில் அப்படி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பொம்மையாக்கியவர் யார்? கையைக் கட்டிவிட்டு, 'இவனுக்கு நீந்தத் தெரியவில்லை' என்று கரையில் நின்று சிரிப்பது என்ன நியாயம்?

மெய்யான முன்னேற்றம் எப்படி வரும் என்பதற்கு வேறெங்கும் போய்ப் பாடம் கேட்க வேண்டாம். நம் மண்ணிலேயே அது எழுதி வைத்திருக்கிறது. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார் மக்கள் நுழைந்ததற்காக இராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும் 1908-இல் நாடார்கள் தோற்றார்கள். இடையில் 1899 ஜூன் 6-ஆம் நாள் சிவகாசி சூறையாடப்பட்டது, வீடுகள் தீக்கிரையாயின. அப்படி அடிபட்ட சமூகம், தன்னில் ஒருவர் உயர்ந்த ஆசனத்தில் அமரட்டும் என்று காத்திருக்கவில்லை. விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு தொகை எடுத்துவைக்கும் மகமை என்னும் ஏற்பாட்டால் பள்ளிக்கூடம் கட்டியது. 1910-இல் மகாஜன சங்கம் கண்டது. 1921-இல் தூத்துக்குடியில் வங்கி தொடங்கியது. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வாசல் திறந்தபோது, தாழ்த்தப்பட்டோர் ஐவரும் நாடார் ஒருவரும் ஒன்றாகவே உள்ளே சென்றனர். அதன் பின்னரே, 1954 ஏப்ரலில், விருதுப்பட்டியில் பிறந்த காமராசர் முதலமைச்சர் ஆனார். ஆசனம் கடைசியில் வந்தது; அடித்தளம் முதலில் போடப்பட்டது.

அந்த ஆசனத்தில் அமர்ந்து அவர் செய்த முதற்காரியங்களில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட இனத்தவராகிய பரமேசுவரனை அமைச்சராக்கி, அறநிலையத் துறையையே அவரிடம் ஒப்படைத்தார். எந்த மக்களைக் கோயில் வாசலில் நிறுத்தினார்களோ, அந்த மக்களில் ஒருவரிடம் கோயில் நிர்வாகிகள் கோப்பேந்தி வந்து நிற்க வேண்டிய நிலையை உண்டாக்கினார். கமுதியில் தடுக்கப்பட்ட குலத்தில் வந்தவர், 'எங்களுக்குக் கதவு திறந்துவிட்டது' என்று பெருமை பேசிக்கொண்டு நிற்கவில்லை. தமக்கும் கீழே நிறுத்தப்பட்டவரிடம் சாவியைக் கொடுத்தார். பெருமிதத்துக்கு இதைவிடத் தூய வடிவம் உண்டோ?

உயர்ந்தவர்கள் தமக்குக் கீழே பார்க்க வேண்டும் என்னும் அந்தப் பாடத்தை அதே கந்தக பூமி மறவாமல் இருக்கிறதா? 1920-களில் சிவகாசி இளைஞர் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். வறண்ட மண்ணில் ஒரு தொழில் நகரம் எழுந்தது. உழைப்பின் பெருமை அது. நாட்டில் யார் வென்றாலும் வெற்றிச் செய்தி வந்த நிமிடம் வெடிப்பது இங்கே உருட்டிய குழாய், இங்கே பின்னிய சரம். ஆனால் மருந்து கலக்கும் அறையில் நிற்கிறவர் யார்? தங்கள் பெயரில் ஒரு காணி நிலமும் இல்லாதவர்கள்; மழை பொய்த்ததால் வயலை விட்டு வந்தவர்கள்; அவர்களுள் தாழ்த்தப்பட்ட மக்கள் ஏராளம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நாற்பதை நெருங்கிய உயிர்கள் கருகின. 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் மீண்டும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விபத்துக்குப் பின் விசாரணையில் திரும்பத் திரும்ப வெளிவருவன: அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்கள், அளவுக்கு மேல் மருந்து, உரிமம் ஒருவரிடமும் தொழில் உள்குத்தகைக்காரரிடமும் இருக்கும் கோலம். எல்லா முதலாளிகளையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. நேர்மையாகத் தொழில் செய்வோர் உண்டு. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெற்றிக்கு வெடிக்கும் பட்டாசின் ஓசை, அதை உருட்டிய கைக்கும் வெற்றியாக ஒலிக்காதவரை, அது வெறும் ஓசையே.

பிறரைச் சொல்லி வந்த பேனா இனி நம் சமுதாயத்தின் பக்கம் திரும்பட்டும். அரபு மதரஸாவில் பாடம் சொல்லுபவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட எனக்கு உரிமையில்லை. அறியாமைக் காலத்து அரபிகளிடம் 'ஃபக்ர்' என்றொரு கவிதை வகையே இருந்தது. குலத்தின் மேன்மையைப் பாடித் தற்பெருமை கொள்வது அதன் இலக்கணம். அந்தப் பெருமையின் வேரை அறுக்க வந்த மார்க்கத்தின் பெயரால் நாமும் ஃபக்ர் பாடிக்கொண்டிருக்கிறோம். மேடைதோறும் பிலால் (ரலி) அவர்களைச் சொல்கிறோம். மக்கா வெற்றியின் அன்று கஃபாவின் மீதேறி அவர்கள் பாங்கு சொன்னதைக் கேட்டு மெய்சிலிர்க்கிறோம். சொல்ல வேண்டியதே. ஆனால் உஸாமா (ரலி) அவர்களை ஏன் சொல்வதில்லை?

உஸாமா, விடுதலை செய்யப்பட்ட அடிமையாகிய ஸைத் (ரலி) அவர்களின் மகன். இருபது வயதை ஒட்டிய இளைஞர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி நாட்களில் அவரைப் படைத்தலைவராக்கினார்கள். குறைஷிகளின் முதியோர் அவருக்குக் கீழே அணிவகுக்க வேண்டும். முணுமுணுப்பு எழுந்தது, நாயகம் (ஸல்) அதைக் கண்டித்தார்கள். அவர்களுடைய மறைவுக்குப் பின் கலீஃபா அபூபக்ர் (ரலி) அந்தப் படையை வழியனுப்பியபோது, உஸாமா குதிரை மீதிருக்க, கலீஃபா பக்கத்தில் நடந்தே சென்றார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் தம்மோடு நிறுத்திக்கொள்ள விரும்பியபோது, ஆணையிடவில்லை; அந்த இளைஞரிடம் அனுமதி கேட்டார்கள். பிலாலின் வரலாறு நமக்கு ஒடுக்கப்பட்டவரின் குரலைக் கேட்கச் சொல்கிறது. உஸாமாவின் வரலாறு ஒடுக்கப்பட்டவரிடம் அனுமதி கேட்கச் சொல்கிறது. முதலாவது நமக்கு இனிக்கிறது, இரண்டாவது கசக்கிறது.

1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினர். அதைச் சொல்லிப் பெருமைப்படாத முஸ்லிம் தமிழகத்தில் குறைவு. அவர்கள் இழந்தது என்ன என்று எண்ணினோமா? 1950-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இஸ்லாத்தைத் தழுவியவர் பட்டியல் சாதியினராக மாட்டார். ஆகவே தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கிய ஊராட்சித் தலைமைக்கு அவர் போட்டியிடவும் இயலாது. நம் சமத்துவத்தை நம்பி அந்த நாற்காலியை உதறிவிட்டு வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு நம் ஜமாஅத்துகள் எந்த நாற்காலியைக் கொடுத்தன? தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறோம், ஐயமில்லை. பள்ளிவாசலின் நிர்வாகப் பட்டியலில் அவர்கள் பெயர் எத்தனை ஊரில் உண்டு? பெண் கேட்டு வந்தால் 'கஃபாஅத்' என்ற ஃபிக்ஹுச் சொல்லை எடுத்துக் கேடயமாகப் பிடிக்கிறோம். மணமக்களின் பொருத்தத்தில் வமிசத்தையும் கருத வேண்டும் என்று சொன்ன இமாம்கள் உண்டு; பொருத்தம் என்பது மார்க்கப் பற்றிலேயே என்று சொன்ன இமாம் மாலிக்கும் உண்டு. அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஸைதுக்குக் குறைஷிக் குலப் பெண்ணை மணமுடித்து வைத்த நபியின் நடைமுறையும் உண்டு. கருத்து வேறுபாடுள்ள மஸ்அலாவில் எப்போதும் நம் குலத்துக்குச் சாதகமான பக்கத்தையே எடுப்பது மார்க்கப் பேணுதல் அன்று. பழைய குலப்பெருமை தலைப்பாகை கட்டி வந்து நிற்பதே அது.

2006-இல் நான்கு ஊர்களில் நாற்காலி கிடைத்தபின் எல்லாம் சீராகிவிட்டதா? 2020 ஆகஸ்டு 15-ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தாழ்த்தப்பட்ட இனத்து ஊராட்சித் தலைவி கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, தலைவி தரையில் உட்கார்ந்திருந்த படத்தைத் தமிழகம் பார்த்தது. பதவி அவருடையது, நாற்காலி மட்டும் ஊராருடையது! இரண்டே ஆண்டுகளில் பழங்குடிப் பெண்மணி ஒருவர் நாட்டின் தலைவரானார். தெற்குத்திட்டையின் தரைக்கும் தில்லியின் ஆசனத்துக்கும் இடையே உள்ள தொலைவை எந்த வாழ்த்துரையும் குறைக்கவில்லை.

நன்றி செலுத்துதலை நம் அறிஞர்கள் மூன்றாகப் பகுத்தார்கள்: உள்ளத்தால், நாவால், உறுப்புகளால். பெருமிதம் உள்ளத்தில் தோன்றி நாவோடு நின்றுவிடுகிறது. உறுப்புகள் அசையும்போதுதான் அது 'ஷுக்ர்' ஆகிறது. ஆகவே வாசக அன்பர்கள் வாழ்த்துச் சொல்வதோடு நிற்க வேண்டாம். உங்கள் ஊராட்சியின் தலைமை ஒதுக்கப்பட்டதாயிருந்தால், அடுத்த சுதந்திர தினத்தன்று அந்தத் தலைவர் ஏற்றும் கொடியின் கீழ் முதல் ஆளாய்ப் போய் நில்லுங்கள். குழாய்த் தண்ணீருக்கு முன்னாள் பெரியதனக்காரரிடம் போகாமல், அவரிடமே மனுக் கொடுங்கள். உங்கள் மஹல்லாவின் அடுத்த நிர்வாகத் தேர்வில், நேற்று வந்தவரின் பெயரை நீங்களே முன்மொழியுங்கள். தொழிற்சாலை வைத்திருப்பவர், மருந்து அறையில் நிற்பவர் 'இன்று இந்த வேலை ஆபத்து' என்று சொன்னால் நிறுத்தும் உரிமையை அவர் கையில் கொடுங்கள்.

தில்லி ஆசனத்தில் யார் அமர்ந்தார் என்பதை வரலாறு தானே குறித்துக்கொள்ளும். அந்த வரலாறு உண்மையா என்பதை, நம் ஊர் நாற்காலியின் எதிரே யார் எழுந்து நின்றார் என்பதே தீர்மானிக்கும்.